வார்டு படுக்கைகளின் மறைப்புத் திரை: துவைத்துக் கட்டுவதா, ஒருமுறைத் திரை வாங்குவதா?

மன்னார்குடி நிர்வாகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகே 40 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். பொது வார்டு, 6 படுக்கைகள் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு, 4 படுக்கைகள் உள்ள டயாலிசிஸ் பிரிவு, பிரசவ அறை என எல்லா இடங்களிலும் இப்போது பருத்தித் திரைகளே தொங்குகின்றன. அவற்றை வெளியே சலவைக்குக் கொடுத்து வாங்குகிறோம். கட்டடத்தைப் புதுப்பிக்கும் இந்தச் சமயத்தில் திரைகள் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது. எதற்கு மாறுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பாலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆன ஒருமுறைத் திரைகளை வாங்கி, காலம் முடிந்ததும் அப்புறப்படுத்திவிடலாம் என்கிறார்கள் சிலர். கிருமி எதிர்ப்புப் பூச்சு இருப்பதால் ஆறு மாதம் வரை மாற்றத் தேவையில்லை என்று விற்பனைப் பிரதிநிதி உறுதியாகச் சொல்கிறார். நெருப்பு பற்றாத பாலியெஸ்டர் திரை வாங்கி, மருத்துவமனைக்குள்ளேயே சலவை இயந்திரம் வைத்துத் துவைத்துக்கொள்ளலாம் என்பது மற்றவர்களின் கருத்து. எங்கள் கணக்கர், ஆண்டுக்கு இரு முறை மாற்றினால் ஒருமுறைத் திரையே மலிவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அந்தக் கணக்கு மட்டும் போதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் பக்கம் ஒரு போர்வை உலர்வதே பெரும்பாடாக இருக்கிறது. புயல் வந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அதற்காக மாதந்தோறும் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் துணியைக் கழிவுக்கு அனுப்பவும் மனம் ஒப்பவில்லை. டெல்டா மாவட்டங்களில் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் பணியாற்றுவோர், எந்தப் பிரிவுக்கு எந்தத் திரை பொருந்தும், எவ்வளவு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைத் தங்கள் அனுபவத்திலிருந்து விளக்கினால் உதவியாக இருக்கும்.

தஞ்சாவூர், தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் எழுதியது:

வணக்கம் ஐயா. துணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், திரை எவ்வளவு விரைவாக அசுத்தமாகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், புதிதாகத் தொங்கவிட்ட 13 திரைகளில் 12 திரைகள் ஒரே வாரத்துக்குள் நோய்க்கிருமிகளைப் பெற்றிருந்தன. கனடாவில் வின்னிபெக் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 14ஆம் நாளில் 87.5 சதவீதத் திரைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா காணப்பட்டது. பார்வைக்கு அந்தத் திரைகள் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

காரணம் எளிது. திரையின் ஓரத்தில், நெஞ்சுயரத்தில் உள்ள ஒரு முழ அகலப் பகுதியைத்தான் மருத்துவர், செவிலியர், ஆயா, உறவினர் என அனைவரும் பிடித்து இழுக்கிறார்கள். படுக்கையின் கம்பியையும் மேசையையும் நாள்தோறும் துடைக்கும் நாம் அந்த ஓரத்தைத் துடைப்பதில்லை. கையைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்ட செவிலியர், அதன் பிறகு திரையை இழுத்து மூடிவிட்டு அதே கையால் நோயாளியின் ஊசிக்குழாயைத் தொடுகிறார். எந்தத் திரை வாங்கினாலும், முதலில் திரையை மூடுவது, பிறகு கையைச் சுத்தம் செய்வது, அதன் பிறகே நோயாளியைத் தொடுவது என்ற வரிசையை எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நான் பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் செலவிடுவதும் இதற்காகத்தான்.

ஆறு மாதம் என்ற வாக்குறுதியைப் பற்றி: கிருமி எதிர்ப்புத் தன்மை ஊட்டிய திரைகளைச் சாதாரணத் திரைகளோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான ஒரு பரிசோதனையில், சாதாரணத் திரை முதன்முதலாக அசுத்தமடைய 2 நாள்களும் கிருமி எதிர்ப்புத் திரைக்கு 14 நாள்களும் ஆயின. பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நாள்கணக்கில் கிடைத்த பலன். துணி ஆறு மாதம் கிழியாமல் தொங்கும் என்பதையும் ஆறு மாதம் சுத்தமாக இருக்கும் என்பதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. அந்தப் பிரதிநிதியிடம், எந்தக் கிருமிகளுக்கு எதிராக, எத்தனை நாள் தொங்கிய திரையில், எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மாற்றும் இடைவெளி குறித்து என் பரிந்துரை இது. பொது வார்டில் மாதம் ஒரு முறையும், தீவிர சிகிச்சைப் பிரிவிலும் டயாலிசிஸிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் மாற்றலாம். இரத்தம், சீழ், வாந்தி, மலம் பட்டால் எந்தப் பிரிவாக இருந்தாலும் உடனே கழற்றிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பில், குறைந்தது 7 நாள் தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடியது என்பதால், டயாலிசிஸ் பிரிவில் 'நாளை மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தனிமைப்படுத்திய நோயாளி வீடு திரும்பினால், அடுத்த நோயாளியை அந்தப் படுக்கைக்கு அனுமதிப்பதற்கு முன் திரையை மாற்றிவிட வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி வயிற்றுப்போக்கு நோயாளிகள் ஒரே சமயத்தில் குவியும் நாள்களில் ஒருமுறைத் திரை பெரிய உதவி; துவைத்து வரும்வரை காத்திருக்காமல் கழற்றி, பையில் கட்டி, புதியதை மாட்டிவிடலாம்.

ஆகவே தனிமை அறை, டயாலிசிஸ், தீவிர சிகிச்சை ஆகியவற்றுக்கு ஒருமுறைத் திரை, மற்ற இடங்களுக்குத் துவைக்கும் திரை என்பதே என் கருத்து.

கும்பகோணம், சலவைக்கூடம் நடத்துபவர் எழுதியது:

ஐயா, சிஸ்டர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் 'துவைக்கும் திரை' என்ற சொல்லுக்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன; அவற்றைச் சரியாகச் செய்யாவிட்டால், துவைத்த திரைக்கும் துவைக்காத திரைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

முதலில் வெப்பம். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை வழிகாட்டுதலின்படி, மருத்துவமனைத் துணி 65 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 நிமிடமோ, 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடமோ இருக்க வேண்டும். இயந்திரம் முழுவதும் வெப்பம் சீராகப் பரவுவதற்கான நேரம் இதற்கு மேல் தனி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெந்நீர்ச் சலவைக்கு 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறது. வீட்டு உபயோக இயந்திரங்களில் பல குளிர்ந்த நீரில் மட்டுமே துவைப்பவை. இயந்திரத்தின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே துணி மூழ்கியிருக்கும் நீரின் வெப்பநிலையை அளந்து பார்த்து வாங்குங்கள். நீர் உறிஞ்சாத பாலியெஸ்டர் இந்தச் சூட்டைத் தாங்கும். சுழற்றிப் பிழிந்து எடுத்தால் மிகக் குறைந்த ஈரத்தோடு வெளிவரும். அடைமழைக் காலத்தில்கூட மின்விசிறிகள் உள்ள மூடிய அறையில் விரைவாக உலர்ந்துவிடும். பருத்தி அப்படியன்று. ஐப்பசியில் பருத்தித் திரையை அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு அந்தப் புள்ளி எதற்கும் போகாது. பாலியெஸ்டருக்கு ஒரு குறையும் உண்டு: 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பல பாக்டீரியாக்கள் பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நீண்ட நாள் உயிரோடு இருந்தன. எனவே பாலியெஸ்டர் வாங்குபவர் மாற்றும் இடைவெளியைத் தளர்த்தவே கூடாது.

அடுத்தது தண்ணீர். உங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும், கடலை நெருங்க நெருங்க உப்பாகவும் இருக்கிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காது, அழுக்கு முழுதாக வெளியேறாது, வெப்பமூட்டும் கம்பியில் சுண்ணாம்பு படிந்து சூடு ஏறுவதும் தாமதமாகும். இயந்திரத்தோடு தண்ணீரை மென்மையாக்கும் கருவியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இயந்திரம் பழுதாகும் நாள்களில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மாற்று வழி உண்டு: வெந்நீரும் சோப்பும் கலந்த பெரிய தொட்டியில், தெறிக்காமல் ஒரு கோலால் துணியைக் கிளறித் துவைத்து, பிறகு 0.05 சதவீதக் குளோரின் நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் முழுவதும் உலர்த்த வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் திரவம் கையிலிருந்தால் ஒரு லிட்டருக்கு 99 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு கிடைக்கும். இதைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம். குளோரின் துணியையும் நலிய வைக்கும், மேற்பூச்சாக ஏற்றிய தீத்தடுப்புத் தன்மையையும் குறைத்துவிடும்.

உங்கள் திரைகள் இப்போது எங்கே துவைக்கப்படுகின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். டெல்டாவில் ஆற்றுப் படித்துறையில் மருத்துவமனைத் துணி வீட்டுத் துணிகளோடு சேர்ந்து துவைபடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே துறையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். கீழே அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை ஆற்றில் குட்டைகளாகத் தேங்கும் நீரில் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தொழிலாளியைக் குறை சொல்லி என்ன பயன்? கையுறையும் வெந்நீரும் தனித் தொட்டியும் அவருக்குக் கொடுக்காத நாம்தான் இதற்குப் பொறுப்பு.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊர்ப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதற்குப் பிறகு தீப்பாதுகாப்பில் பேரம் பேசுவது என்னால் முடியாத காரியம். ஆக்சிஜன் கசியும் படுக்கையருகே துணி வழக்கத்தைவிடக் கடுமையாக எரியும். தீத்தடுப்புத் தன்மை இழையிலேயே இருக்கும் பாலியெஸ்டர் வாங்கினால் எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. மேற்பூச்சு மட்டும் உள்ள துணியில் சலவைக்குச் சலவை குறையும். ஒருமுறைத் திரை வாங்கினாலும் தீச்சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பாலிப்புரொப்பிலீன் 160 டிகிரி அளவிலேயே உருகி ஒழுகக்கூடியது. சில இடங்களில் சிக்கனம் கருதி ஒருமுறைத் திரையைத் துவைத்து மறுபடி மாட்டுகிறார்கள். அது சலவைக்கான துணியே அன்று.

திருவாரூர், மகப்பேறு மருத்துவர் எழுதியது:

கிருமியும் நெருப்பும் பேசப்பட்டுவிட்டதால், திரை எதற்காக இருக்கிறதோ அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். பிரசவ அறையில் வலியோடு படுத்திருக்கும் பெண்ணுக்குத் திரைதான் கதவும் சுவரும். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டத்திலும் பிரசவ மேசைகளுக்கு இடையே மறைப்பு இருக்க வேண்டும் என்பது தரத்தின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

குளிர்சாதனம் இல்லாத நம் வார்டுகளில் மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். எடை குறைந்த ஒருமுறைத் திரை அந்தக் காற்றில் பறந்து விலகிக்கொண்டே இருக்கிறது. பரிசோதனையின் நடுவே செவிலியர் ஒரு கையால் திரையைப் பிடித்தபடி நிற்க நேர்கிறது. நெய்த பாலியெஸ்டர் கனமாகத் தொங்கும். வாங்குவதற்கு முன் ஒரு மாதிரித் திரையை உங்கள் வார்டிலேயே மாட்டி, விசிறியை ஓடவிட்டு, பின்னால் விளக்கைப் போட்டு, நிழலுருவம் தெரிகிறதா என்று பெண் ஊழியர் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கம்பித்தடத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் இருந்தால்தான் ஓரங்களில் இடைவெளி விழாது. மேற்பகுதியில் வலைத்துணி வைத்துத் தைத்தால் காற்று வரும், தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதன் நீரும் தடைபடாது. அடி விளிம்பு தரையில் புரளாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும்.

பிரசவ அறையில் இரத்தமும் பனிக்குட நீரும் அடிக்கடி தெறிக்கும் என்பதால் ஒருமுறைத் திரையே ஏற்றது என்று சொல்வோர் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. துவைக்கும் திரையில் கூடுதல் ஜோடிகளை அறைக்குள்ளேயே அலமாரியில் வைத்துவிட்டால் அதே வேகத்தில் மாற்றலாம்.

நாகப்பட்டினம், மருத்துவக் கழிவு மேலாண்மைப் பணியாளர் எழுதியது:

கழற்றிய பிறகு அந்தத் திரை எங்கே போகிறது என்பதை நான் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இரத்தமோ உடல் திரவமோ பட்டு அப்புறப்படுத்தும் துணி மஞ்சள் பைக்கு உரியது. அது மருத்துவக் கழிவுகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் எரிக்கப்படுகிறது. அப்படி எதுவும் படாத திரை பொதுக் கழிவில் சேரும். தனிமை அறைத் திரையை மட்டும், கறை தெரியாவிட்டாலும், மஞ்சள் பையில் போடுவதே பாதுகாப்பு. துடைத்துப் பயன்படுத்தலாம் என்று பி.வி.சி. திரையை யாராவது பரிந்துரைத்தால், அதில் குளோரின் இருப்பதால் எரியூட்டிக்கு அனுப்பக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு உண்டாகும். பாலிப்புரொப்பிலீனில் அந்தக் குறை இல்லை.

எடையைப் பார்ப்போம். 2 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் உள்ள ஒரு திரை 10 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் துணி என்றால் ஒரு திரை ஒரு கிலோ. உங்கள் 40 படுக்கைகளுக்கும் ஆண்டுக்கு இரு முறை மாற்றினால் 80 கிலோ. சிஸ்டர் சொன்னபடி பொது வார்டுக்கும் குறைந்தது மாதம் ஒரு முறை மாற்றினால் அதுவே 480 கிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவின் கூடுதல் மாற்றங்கள் தனி. கொள்முதல் செலவும் அதே போல் ஆறு மடங்காகும். உங்கள் கணக்கர் மலிவு என்று எழுதிக் கொடுத்தது, ஆறு மாதம் மாற்றாமல் விடப்படும் திரைக்கான கணக்கு. சுத்தமான திரைக்கான கணக்கைப் போட்டால் பொது வார்டில் துவைக்கும் திரையே நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் புயல் நாள்களை மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் மாவட்டத்திலும் உங்கள் பக்கத்திலும் பல ஊர்களுக்கு நீண்ட நாள் மின்சாரம் இல்லை. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. இயந்திரம் ஓடாத அந்த நாள்களுக்கு ஒருமுறைத் திரை இருப்பில் இருக்க வேண்டும். அதே நாள்களில் கழிவு வண்டியும் வராது. இரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தாமதம் தவிர்க்க முடியாதபோது காரணத்தை எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்து, மழைநீர் புகாத மேட்டு அறையில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

மன்னார்குடி நிர்வாகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கணக்கரிடம் மாதாந்திர மாற்றத்தை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லியிருக்கிறேன். பொது வார்டுக்கும் பிரசவ அறைக்கும் இழையிலேயே தீத்தடுப்பு உள்ள பாலியெஸ்டர் திரையும், தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், தனிமை அறைகளுக்கு ஒருமுறைத் திரையும் என்று குழுவில் முன்மொழியப் போகிறேன். வெந்நீர் இயந்திரம், நீர் மென்மையாக்கும் கருவி இரண்டுக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். பாலியெஸ்டரில் எத்தனை ஜோடி வாங்க வேண்டும், எந்தத் திரை எப்போது மாட்டப்பட்டது என்பதைக் குழப்பமில்லாமல் அறிவது எப்படி என்ற இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன.

கும்பகோணம், சலவைக்கூடம் நடத்துபவர் எழுதியது:

மூன்று ஜோடி வேண்டும் ஐயா. ஒன்று தொங்கும்போது ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு ஜோடியோடு நிறுத்தினால் மழைக்காலத்தில் ஈரத் திரையை மாட்டும் நிலை வரும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே உயரத்தில் தைத்தால் எதையும் எங்கேயும் மாட்டலாம். இரும்புக் கொக்கி நம் காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். நைலான் கொக்கி வாங்குங்கள். ஏணி இல்லாமல் கீழிருந்தே கழற்றும் வகைத் தடம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஏணி தேடிப் போக வேண்டிய வேலையை இரவுப் பணியில் இருப்பவர் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்.

தஞ்சாவூர், தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் எழுதியது:

நாளைக் குறிப்பதற்கு: ஒருமுறைத் திரைகளில் பெரும்பாலும் தேதி எழுத ஒரு கட்டம் அச்சிட்டே வரும். துவைக்கும் திரையின் மேல் மூலையில் அழியாத மையால் ஓர் எண் எழுதி, வார்டுப் பதிவேட்டில் படுக்கை எண், திரை எண், மாட்டிய நாள், கழற்றிய நாள், கழற்றியவர் கையொப்பம் என்று ஒரு வரி போதும். மாதத்தின் முதல் திங்கள் ஆண் வார்டு, இரண்டாம் திங்கள் பெண் வார்டு என்று கிழமையை நிலையாக வைத்துவிடுங்கள். சலவைக்கும் ஒரே நாளில் சுமை சேராது. கழற்றும்போது உதறாமல், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, படுக்கையருகிலேயே பையில் கட்டச் சொல்லுங்கள். கழற்றுபவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அழுக்குத் திரை போகும் வண்டியும் சுத்தத் திரை வரும் வண்டியும் வேறு வேறாக இருக்கட்டும்.